கொண்டையில் வழிந்த ஞானம்

ஒரு ஊர்ல ஒரு சாமியார் இருந்தாராம், தலையில பானை அளவுக்குச் சடைக்கொண்டையாம். பகலெல்லாம் கோயில்ல திரையை இழுத்து விட்டுக்கிட்டு உள்ளேயே இருப்பாராம், அதனால திரைச்சாமியார்னு பேராம்.

குயவன் போயி, "சாமி, கடவுள் எப்படி இருப்பாரு?"ன்னு கேட்டானாம். "உனக்குப் புரியாது, எனக்குத்தான் தெரியும், சக்கரைப்பொங்கலைக் கொண்டா!"ன்னாராம். வண்டிக்காரன் போயிக் கேட்டானாம். "உனக்குப் புரியாது, எனக்குத்தான் தெரியும், சக்கரைப்பொங்கலைக் கொண்டா!" அப்புறம் ராசாவே போயிக் கேட்டாராம், அவருக்கும் அதே பதில்தான். நிறைஞ்ச சட்டி திரைக்குள்ள போகும், காலிச் சட்டி வெளிய வரும். "கடவுள் சாப்பிட்டாச்சு!" பொங்கல் எங்க போச்சா? சொல்றேன், இருடா, அதுக்குள்ள என்ன அவசரம்?

அந்த ஊர்ல நெல்லுக் குத்துற மாடத்தின்னு ஒருத்தி. குத்திக்கிட்டே இருப்பா, திடீர்னு சிரிப்பாளாம். "ஏண்டி சிரிக்கிற?"ன்னா, "கடவுள் வந்தாரு, சிரிப்பு வந்துருச்சு"ம்பாளாம்.

சாமியாருக்கு வந்துச்சே கோவம்! "என்னைக் கேக்காம இவகிட்ட எப்படி வருவாரு? பொய்க்காரி! ஊரை விட்டே துரத்துங்க!"

ராசா தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "மாடத்தி, நீயே பொங்கல் வச்சுப் படை. எப்படி இருந்துச்சுன்னு கடவுள் யார்கிட்ட சொல்றாரு பார்ப்போம். உன்கிட்ட சொல்லலேன்னா நீ ஊரை விட்டுப் போயிரணும்"னாராம்.

பாவம், கைப்பிள்ளைக்காரி, எங்க போவா? அழுதுக்கிட்டே பொங்கினாளா, கண்ணீர்ல கண்ணு தெரியாம, வெல்லச் சட்டின்னு உப்புச் சட்டியை எடுத்துக் கவுத்துட்டா! படைக்கிறதை முன்னாடியே வாயில வைக்கக் கூடாதே, அதனால ருசியும் பார்க்கல.

திரை மூடுச்சு, திரை திறந்துச்சு, சட்டி காலி.

"ஆகா! தேனாம், பாகாம், அமிர்தமாம்! கடவுளே என் காதுல சொன்னாரு!"ன்னாராம் சாமியார்.

"நீ சொல்லு மாடத்தி."

"என்கிட்ட பொங்கலைப் பத்தி ஒண்ணும் சொல்லல ராசா. வருவாரு, மனசு குளுந்துரும், நான் சிரிப்பேன். வேற எனக்கென்ன தெரியும்?"

"கேட்டீங்களா! துரத்துங்க!"ன்னு சாமியார் குதிச்சாராம். குதிச்சதுல நெத்தியில நெய் வழிஞ்சுச்சாம்.

"அது என்ன சாமி வழியுது?"

"ஞானம் ராசா, ஞானம்! பொங்கி வழியுது!"

மறுபடி குதிச்சாரு, முந்திரிப்பருப்பு மூக்குல வந்து ஒட்டுச்சு. மறுபடி குதிச்சாரு, கொண்டை அவுந்து, வாழையிலைப் பொட்டலம் 'தொப்'புன்னு ராசா மடியில விழுந்துச்சு! தினமும் அப்படித்தான் கொண்டைக்குள்ள ஒளிச்சு வீட்டுக்குக் கொண்டு போயித் தின்பாராம் அந்தக் கள்ளன்.

ராசா ஒரு விள்ளல் வாயில வச்சாரு. "தூ! ஒரே உப்பு! வாயிலயே வைக்காம தேனுன்னு சொன்னியே! கடவுளையும் இப்படித்தான் பார்த்தியா? உக்காரு, பூராத்தையும் தின்னு!"

ரெண்டு வாய் தின்னதும், "ஐயோ உப்பு! உப்பு!"ன்னு அலறினாராம் சாமியார்.

"இன்னைக்குத்தான்யா நீ தெரிஞ்சு பேசுற"ன்னாராம் ராசா.

மாடத்தி பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நிம்மதியா வீட்டுக்குக் கிளம்பினா. ராசா ஓடிப்போயி, "கடவுள் எப்படித்தான் இருப்பாரு, நீயாவது சொல்லேன்"னாராம். "நான் சொன்னா அது என் வாய்ப் பொங்கல் ராசா, உங்க நாக்குக்கு ருசி தெரியாது. நீங்களே கண்ணை மூடிப் பாருங்க."

ராசா மூடினாரு. கொஞ்ச நேரத்துல 'களுக்'குனு சிரிச்சாராம்.

"என்ன ராசா, என்ன?"ன்னு பக்கத்துல நின்ன மந்திரி பறந்தாரு.

"போய்யா, நீயே மூடிப் பாரு!"

திரைச்சாமியார் இன்னும் ஆத்தங்கரையில குப்புறப் படுத்துத் தண்ணி குடிக்கிறாராம். சட்டியும் காலி, கதையும் காலி, நீங்க போயி வாயைக் கொப்புளிங்க.