அடிமரத்துப் பக்கம்

தணிகாசலம் தன் மனைவியை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது அவளுடைய பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன.

ஏரிக்கரைப் புளியமரத்தில், இலைகளுக்கு நடுவே, இரண்டு பாதங்கள் ஆடிக்கொண்டிருந்தன. மற்றதெல்லாம் பச்சை. கீழே அவர் கையில் பையோடு நின்றார். வெளியூரில் ஒரு கல்யாண வீட்டுக்குத் துணி வெட்டப் போகவேண்டும்.

"ஏறி வாங்களேன். காத்து என்னமா வருது!"

"கிளை ரெண்டு பேரைத் தாங்காது, செங்கமலம்."

"தாங்கும்."

"பஸ் வந்துடும்."

"பஸ் உங்களைத் தாங்குமா?"

இலைகளுக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. அவரும் சிரித்துக்கொண்டேதான் போனார்.

மறுநாள் திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். அவள் மரத்தை விட்டு நல்லபடியாக இறங்கி, வீட்டுக்கு வந்து, சோறு வடித்துத் தின்று, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்திருக்கிறாள். காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார் டாக்டர்.

தணிகாசலம் ஊரில் கட்டிங் மாஸ்டர். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான். கல்யாணமான புதிதில் அவரும் செங்கமலமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மரத்தில் ஏறி, அடிமரம் பிரிகிற கீழ்க்கவையில் உட்கார்ந்து ஏரியைப் பார்ப்பார்கள். பழத்துக்காக இல்லை. சும்மா ஏறுவார்கள். மரம் ஏற அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

தையல் உட்கார்ந்து செய்யும் தொழில். உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பரந்தது. ஒரு நாள் அவர் ஏறும்போது கரையில் மாடு மேய்த்தவர்கள் "டேய், மரத்தைப் பிடிங்கடா, சாயுது!" என்று கத்திச் சிரித்தார்கள். அதோடு அவர் ஏறுவதை நிறுத்திக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை. கீழ்க்கவையை விட்டுவிட்டு, மேலே இன்னொரு கிளையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கிளையில் அவர் ஒரு தரம்கூட உட்கார்ந்ததில்லை. கூப்பிட்ட போதெல்லாம், தாங்காது என்றார். தாங்கும் என்றாள்.

அவள் போன பிறகு வீட்டில் அந்த இரண்டு சொல்லும் மிச்சமிருந்தன. சாப்பிடும்போது ஒன்று கேட்கும். படுக்கும்போது மற்றொன்று கேட்கும்.

மலையடிவாரத்தில் ஓர் இலுப்பைத் தோப்பில் வேதவல்லி என்று ஒருத்தி இருந்தாள். முப்பத்தைந்து வயது, முருங்கைக்காய் மாதிரி உடம்பு. வனத்துறை நாற்றங்காலுக்காக உயரமான மரங்களில் ஏறி விதை சேகரித்தவள். பிறகு, ஆசைக்கு மரம் ஏற வருகிறவர்களுக்குக் கயிறு கட்டி ஏறக் கற்றுக் கொடுத்தாள். டவுனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

தணிகாசலம் அங்கே போகப்போகிறார் என்று தெரிந்ததும் டீக்கடைக்காரர் கேட்டார். "என்ன மாஸ்டர், வேதாளம் பழையபடி முருங்கை மரம் ஏறப்போகுதாமே?"

"முருங்கை தாங்காதுய்யா" என்றார் தணிகாசலம். டீயைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறினார்.

வேதவல்லி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எதுக்கு ஏறணும் மாஸ்டர்?"

"ஒரு கிளை. அது ரெண்டு பேரைத் தாங்கியிருக்குமான்னு தெரியணும்."

"தாங்கியிருக்காதுன்னா?"

"நிம்மதியாத் தூங்குவேன்."

"தாங்கியிருக்கும்னா?"

அவர் பையைக் கைமாற்றிப் பிடித்தார். அவள் கையிலிருந்த நெல்லிக்காயை ஒரு கடி கடித்தாள்.

"என்கிட்ட இருக்கிற பெல்ட் எதுவும் உங்களைச் சுத்தி வராது. நீங்க தையல்காரர்தானே? தடிச்ச நாடா தரேன். இடுப்புக்கும் தொடைக்கும் அளவா தைச்சு எடுத்துட்டு வாங்க."

அன்று அவர் ஓரமாக நின்று பாடத்தைக் கேட்டார். அந்தத் தோப்பில் ஒரு வழக்கம். கிளையில் கயிற்றைப் போட்டதும் யாரும் உடனே ஏறக் கூடாது. முதலில் தரையை ஒட்டி இரண்டு பேர் அந்தக் கயிற்றில் தொங்கிப் பார்க்க வேண்டும். இருவரைத் தாங்கினால்தான் ஒருவர் ஏறலாம்.

"அப்புறம் கிளையில உட்காரும்போது," என்றாள் வேதவல்லி, "கனமானவர் அடிமரத்துப் பக்கம். லேசானவர் நுனிப் பக்கம். மாத்தி உட்காரக் கூடாது."

"இது எனக்குத் தெரியும்" என்றார் தணிகாசலம். "எங்க வீட்டுக்காரிக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கேன்."

"நல்லது" என்றாள் அவள்.

அடுத்த வாரம் பெல்ட்டோடு வந்தார். நாலு மடிப்பு தைத்து, ஓரம் அடித்து, பார்த்தவர்கள் கடையில் வாங்கியதா என்று கேட்கும்படி இருந்தது. இடுப்பில் சுற்றினார். இரண்டு முனையும் சந்திக்கவில்லை. நடுவில் ஒரு சாண் இடைவெளி.

சுற்றி நின்றவர்கள் வேறு எங்கோ பார்த்தார்கள்.

"அளவெடுத்துத் தைச்சீங்களா?" என்றாள் வேதவல்லி.

"எடுக்கலை. என் அளவு எனக்குத் தெரியாதா?"

"எப்போ எடுத்த அளவு?"

"முன்னே மரம் ஏறிட்டிருந்தப்போ."

அவள் பெல்ட்டை வாங்கித் தையலைத் தடவிப் பார்த்தாள். "அருமையா இருக்கு. இதைப் போட்டுக்கிறவர் யாரோ, எனக்குத் தெரியாதவர். அவரை வரச் சொல்லுங்க, ஏத்தி விடறேன். நீங்க உங்களுக்கு ஒண்ணு தைச்சுட்டு வாங்க."

அன்று மாலை கடையில் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று டேப்பைச் சுற்றினார். தன் இடுப்பைத் தானே அளக்கும் தையல்காரன் தன்னை அறியாமல் மூச்சை உள்ளே இழுப்பான். முன்பெல்லாம் செங்கமலம்தான் அவருக்கு அளவெடுப்பாள். பின்னால் நின்று டேப்பைப் பிடித்துக்கொண்டு, "மூச்சை விடுங்க, நான்தானே?" என்பாள்.

கடையில் யாரும் இல்லை. வெகுநேரம் கழித்து அவர் மூச்சை விட்டார். டேப்பைப் பார்த்தார். நாடாவை வெட்டினார்.

இரண்டாவது பெல்ட் பொருந்தியது.

தோப்பில் எல்லாரும் இருவர் இருவராகக் கயிற்றில் தொங்கிப் பார்ப்பார்கள். தணிகாசலம் வந்த பிறகு, "மாஸ்டரைக் கூப்பிடு, அவர் ஒருத்தரே ரெண்டு பேர்" என்றார்கள். வாரா வாரம் எல்லாருடைய கயிற்றிலும் அவரைத் தொங்க விட்டார்கள். அவர் தொங்கிப் பார்த்த கிளை என்றால் மற்றவர்கள் பயமில்லாமல் ஏறினார்கள்.

ஒரு நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நான் என்ன மணல் மூட்டையா, டீச்சரம்மா?"

"மணல் மூட்டைக்குக் கோவம் வராது" என்றாள் அவள்.

"நான் எப்போ ஏறுறது?"

"கயிறு உங்க கையிலதான் இருக்கு."

அவர் பார்த்தார். இருந்தது.

கால் வளையத்தில் பாதத்தை வைத்து எழுந்து நிற்க வேண்டும். கயிற்றிலுள்ள முடிச்சை மேலே தள்ள வேண்டும். பிறகு பெல்ட்டில் சாய்ந்து உட்கார்ந்து இளைப்பாறலாம். இப்படிச் சாண் சாணாகப் போகவேண்டும். ஓர் ஆள் உயரம் போனதும் தொடை நடுங்கியது. இறங்கிவிட்டார். வேர்வை கண்ணில் வழிந்தது.

"உடம்பை இளைச்சுட்டு வரட்டுமா?"

"இளைக்கிறவர் இளைச்ச பிறகு வரட்டும். வந்தவர் ஏறட்டும்."

வந்தவர் ஏறினார். மெதுவாகத்தான். மற்றவர்கள் ஏறி, பாட்டுப் பாடி, இறங்கிச் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவர் பாதி மரத்தில் பெல்ட்டில் சாய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்த உயரத்தில் அவருடன் பேசவும் யாரும் இல்லை. கற்றுக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்து மரங்களில் ஈரம் காய்ந்த பிறகு, ஒரு காலையில் வேதவல்லி கயிற்றோடு ஏரிக்கரைக்கு வந்தாள். புளியமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அடியைத் தட்டிப் பார்த்தாள்.

"எந்தக் கிளை?"

காட்டினார். அவள் கயிற்று நுனியில் கனத்துக்குக் கட்டிய எறிபையை வீசிக் கயிற்றை அந்தக் கிளைமேல் போட்டாள்.

"வாங்க, தொங்கிப் பார்ப்போம்."

இருவரும் கயிற்றைப் பிடித்துக் காலைத் தூக்கினார்கள். கிளை ஒரு தரம் அசைந்து நின்றது. ஒரு இலைகூட உதிரவில்லை.

தணிகாசலம் காலை ஊன்றினார். முகம் வெளுத்திருந்தது.

"நீங்க ஒல்லி" என்றார். "செங்கமலம் கொஞ்சம் பூசினாப்பல இருப்பா."

அவள் கொண்டுவந்திருந்த தண்ணீர்க் கேனைத் தோளில் மாட்டிக்கொண்டாள். மறுபடி தொங்கினார்கள்.

"அவ சில நாள் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துட்டு ஏறுவா."

அவருடைய சாப்பாட்டுத் தூக்கையும், பையையும், கரையில் கிடந்த ஒரு கல்லையும் எடுத்து அவள் கட்டிக்கொண்டாள். மறுபடி தொங்கினார்கள். ஆடுமேய்க்கிற ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா, மாஸ்டரை எடை போடறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

கிளை தாங்கியது.

தணிகாசலம் வேரில் உட்கார்ந்துவிட்டார். ஏரியில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. வெகுநேரம் அதையே பார்த்தார்.

"அத்தனை வருஷமும் தாங்கியிருக்கும்" என்றார்.

"ம்."

"அத்தனை வருஷமும் அவ தனியா உட்கார்ந்திருந்தா."

அவள் கல்லைக் கட்டவிழ்த்துக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சுபோச்சு, டீச்சரம்மா. கயிற்றை எடுத்துடுங்க. இனிமே நான் எதுக்கு ஏறணும்?"

"கீழேயிருந்து பார்த்தா கிளையோட அடிப்பக்கம்தான் தெரியும், மாஸ்டர்."

அவள் கயிற்றை எடுக்கவில்லை. அவரையும் எழுப்பவில்லை. நிழல் மரத்துக்குக் கீழே சுருங்கி வந்தது. அப்புறம் அவர் தானாக எழுந்தார். பெல்ட்டை இடுப்பில் கட்டினார். மூச்சை விட்டுத்தான் கட்டினார்.

கால் வளையம். முடிச்சு. சாய்வு. கீழ்க்கவையைக் கடந்தார். அங்கே ஒரு நாழிகை இளைப்பாறினார். மேலே போகப்போகக் கரை சின்னதாயிற்று. இலைகள் முகத்தில் உரசின. துளிரின் புளிப்பு வாசனை வந்தது. கீழேயிருந்து பார்த்தால் தன் பாதங்கள் மட்டும்தான் தெரியும் உயரத்துக்கு வந்துவிட்டார் என்று அவருக்குத் தோன்றியது.

கிளைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"சேர்ந்துட்டீங்களா?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

"சேர்ந்துட்டேன்."

"உட்காருங்க."

"இரு" என்றார். முதல் தரமாக அவளிடம் ஒருமையில் பேசினார். "இங்கே ஓர் இடத்துல பட்டை தேய்ஞ்சு வழவழன்னு இருக்கு. அவ உட்கார்ந்த இடம்."

"ம்."

"நுனிப் பக்கமா இருக்கு. மெல்லிசான இடம். கொஞ்சம் ஆடியிருக்கும். பிடிச்சுக்கக்கூட ஒண்ணும் இல்லை." கிளையைத் தடவினார். "அடிமரத்துப் பக்கம் நல்ல தடிமனா இருக்கு. சாய்ஞ்சுக்க வாகா இருக்கு. இந்தப் பக்கம் பட்டை அப்படியே முள்ளு முள்ளா இருக்கு. ஒரு நாள்கூட இங்கே உட்கார்ந்திருக்க மாட்டா. ஏன் இந்தப் பைத்தியக்காரி இவ்வளவு நல்ல இடத்தை விட்டுட்டு அங்கே போய் உட்கார்ந்தா?"



"மாஸ்டர்," என்றாள் வேதவல்லி, "கனமானவர் எந்தப் பக்கம் உட்காரணும்னு அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

கயிறு தளர்ந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் தண்ணீர்க் கேனை வேரடியில் வைத்துவிட்டு, கரையில் தள்ளிப் போய், ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இது நடந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அந்தப் புளியமரம் இன்னும் ஏரிக்கரையில் நிற்கிறது. அந்தக் கிளையில் இப்போது இரண்டு இடத்தில் பட்டை தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது.