மோரிஸ் மைனருக்கு ஒரு பெரிய எஞ்சின்

"இந்த வண்டிக்கு இன்னும் பலம் வேணும்" என்றார் குழந்தைவேலு.

"எதுக்கு?" என்றாள் செங்கமலம்.

"எதுக்குன்னு கேட்டா? பலம் வேணாம்னு யாராவது சொல்வாங்களா?"

"ரேஸ் ஓட்டறவங்களுக்கு ஒரு மாதிரி பலம் வேணும். கல்யாண ஊர்வலத்துக்கு வேற மாதிரி. எங்க போகணும்னு சொல்லுங்க. எஞ்சினைப் பத்தி அப்புறம் பேசலாம்."

அவர் கையை நீட்டினார். பட்டறை வாசலுக்கு நேரே சேர்வராயன் மலை நின்றது.

செங்கமலம் ஒரு காலத்தில் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவள். லீவு நாட்களில் ராலி ஓட்டியவள். பிறகு வேலையை விட்டுவிட்டு, மலை அடிவாரத்தில் பழைய கார்களுக்கென்றே பட்டறை போட்டாள். வயது நாற்பதுதான். ஆனால் வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் டீச்சர். பதில் சொல்வதில் மட்டும் கொஞ்சம் கஞ்சம்.

குழந்தைவேலுவுக்கு ஐம்பத்தெட்டு. சேலத்தில் ஜவ்வரிசி ஆலை வைத்திருந்தார். ஆலையில் எது நின்றாலும் அதைவிடப் பெரிய மோட்டாராக வாங்கி மாட்டிவிடுவது அவர் வழக்கம். அந்த வழக்கம் இதுவரை அவரைக் கைவிட்டதில்லை.

டீச்சர் அவரை உள்ளே கூட்டிப்போனாள். ஸ்டாண்டுகளில் மூன்று எஞ்சின்கள் இருந்தன.

"எது வேணும்?"

"எது பெருசு?"

"கடைசில இருக்கறது. உங்களுதைப் போல ஒன்றரை மடங்கு."

"அதையே மாட்டிடுங்க."

"உங்க கியர்பாக்ஸ் அதைத் தாங்காது."

"அதையும் மாத்திடுங்க."

"பின்னாடி ஆக்சில் தாங்காது."

"மாத்துங்க."

"ஏறினா இறங்கணும். இந்த பிரேக் பத்தாது."

"மாத்துங்கன்னேனே!"

"அப்போ மலைக்கு எது போகும்?"

குழந்தைவேலு யோசித்தார்.

"பாடி போகும்" என்றார். "ஹாரன் போகும்."

டீச்சர் சிரிக்கவில்லை.

"உங்ககிட்ட வேற கார் இல்லீங்களா?"

"ரெண்டு இருக்கு. எந்த வளைவுலயும் நிக்காது."

"அதுல போகலாமே."

"அதுல போக முடியாது டீச்சர்."

அவர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வந்தது.

"என் சம்சாரம் இந்திராணி ஏற்காட்டுல இருக்கா. அவங்க அப்பாவோட காபித் தோட்டத்து வீடு. கோவிச்சுட்டுப் போய் நாலு வருஷம் ஆகுது. இது அவங்க அப்பா வண்டி. கல்யாணத்தப்போ அவகூட எங்க வீட்டுக்கு வந்தது. அவ இதுலதான் கார் ஓட்டவே கத்துக்கிட்டா."

"உங்க வீட்டுக்கு வந்தப்புறமும் ஓட்டினாங்களா?"

"இல்ல. நான் இருக்கேன், டிரைவர் இருக்கான், நீ எதுக்குன்னு சொல்லிட்டேன்."

டீச்சர் இன்னொரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு வளைவு கீழ வரும்போதே இந்த வண்டிச் சத்தம் அவளுக்குத் தெரிஞ்சிடும். சின்னப் பிள்ளையா இருந்தப்போ, அப்பா வர்ற சத்தம் கேட்டு கேட் திறக்க ஓடுவாளாம். அந்தச் சத்தத்தோட போய் நிக்கணும் டீச்சர். நின்னு, வான்னு கூப்பிடணும். கோவிச்சுட்டுப் போனவளைப் புருஷன்தானே போய்க் கூப்பிடணும்?"

"நாலு வருஷமா போகவே இல்லையா?"

"போறேனே. முடிஞ்சப்பல்லாம் போறேன்."

"எங்க வரைக்கும்?"

"மூணாவது வளைவு வரைக்கும்."

டீச்சர் எழுந்து, பெரிய எஞ்சினின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினாள்.

"இதோட சத்தம் வேற" என்றாள்.

குழந்தைவேலு அந்தத் தார்ப்பாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை.

"சரி. இருக்கற எஞ்சினையே கொஞ்சம் முறுக்கி விடுங்க. ரெண்டு கார்புரேட்டர் வைக்கலாமாம். கேம்ஷாஃப்டை மாத்தலாமாம். விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்."

"அதெல்லாம் வேகம் எடுத்த பிறகு கிடைக்கற பலம். உங்க வண்டி எங்க நிக்குது?"

"வேகமே இல்லாத இடத்துல."

"அப்போ வண்டியை விட்டுட்டுப் போங்க."

அவர் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.

அந்த நாட்களில் அவருக்கு ஆலையில் இருப்புக் கொள்ளவில்லை. ஜவ்வரிசி காயும் களத்தில் நின்றால் மலை நேரே தெரியும். முன்பெல்லாம் சாயங்காலம் இந்திராணி அந்தக் களத்தின் ஓரத்தில் உட்காருவாள். சூடாக இருக்கும் ஜவ்வரிசிக்குள் கையை விட்டுப் பார்த்து, "இன்னும் ஈரம் இருக்கு" என்றோ, "அள்ளிடலாம்" என்றோ சொல்வாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும்.

இப்போது வேலையாட்கள் அவரிடம் வந்து கேட்கிறார்கள். அவரும் கையை விட்டுப் பார்க்கிறார். அவருக்குச் சூடு மட்டும்தான் தெரிகிறது.

மனைவியின் மேல் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. அவள் இல்லாத வீட்டுக்குள் நுழைவதுதான் அவரால் முடியவில்லை. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து வண்டி தயார் என்று தகவல் வந்தது.

"என்ன செஞ்சீங்க?" என்றார் ஆசையாக.

"வால்வு எல்லாத்தையும் தேய்ச்சு உட்கார வச்சிருக்கேன். ஹெட்டைக் கொஞ்சமா இழைச்சிருக்கேன். ஒரு அளவு பெரிய கார்புரேட்டர் போட்டிருக்கேன். சத்தம் மாறாம எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

குழந்தைவேலு அங்கிருந்தே மலைக்குக் கிளம்பினார். சமதளத்தில் வண்டி பறந்தது. முதல் வளைவில் அவர் பாட்டுக்கூட முணுமுணுத்தார். இரண்டாவது வளைவில் பாட்டு நின்றது. மூன்றாவது வளைவில் வண்டி நின்றது.

பின்னாலிருந்து லாரிக்காரன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அவர் திரும்பி வந்து பட்டறை வாசலில் நின்று கத்தினார்.

"அதே வளைவு! அதே இடம்! என்னத்த வேலை பார்த்தீங்க? இந்த எஞ்சினுக்கு விதிச்சது அவ்வளவுதான். நான் அப்பவே சொன்னேன், பெருசா மாட்டுங்கன்னு!"

டீச்சர் கையைத் துடைத்தாள். வறுத்த கடலைப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஓட்டுங்க" என்றாள்.

மூன்றாவது வளைவு வரை அவள் கடலை மட்டும் தின்றாள். வளைவில் ஏற்றம் செங்குத்தாகத் தூக்கியது. எஞ்சின் திணறியது.

"இப்போ என்ன செய்வீங்க?"

"ஆக்சிலேட்டரை மிதிப்பேன்."

"அப்புறம்?"

"இன்னும் மிதிப்பேன்."

"அப்புறம்?"

வண்டி குலுங்கி நின்றது.

"இதுதான்" என்றார் அவர்.

"எந்த கியர்ல இருந்தீங்க?"

"செகண்டு."

"அதுக்குக் கீழ ஒண்ணு இருக்கே."

குழந்தைவேலு அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஃபர்ஸ்ட் கியர் கிளப்பறதுக்கு மட்டும்தான் டீச்சர். ஓடற வண்டில யாராவது ஃபர்ஸ்ட் போடுவாங்களா? இந்த மாதிரி பழைய வண்டில போட்டா கறகறன்னு கத்தும். பல்லு உடைஞ்சிடும். எங்க அப்பாகிட்ட இருந்த டிரைவர் எனக்குக் கையில அடிச்சுச் சொல்லிக் கொடுத்தது அது."

"இந்தப் பக்கம் வாங்க."

இடம் மாறினார்கள். டீச்சர் வண்டியைப் பின்னால் கொஞ்சம் இறக்கி, மறுபடி அதே வளைவை அதே செகண்டில் பிடித்தாள். எஞ்சின் திணற ஆரம்பித்தது.

அவள் கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். காலை எடுத்தாள்.

வண்டி எந்த கியரிலும் இல்லாமல் ஏற்றத்தில் தளர்ந்தது. இதோ நிற்கப் போகிறது, இதோ பின்னால் உருளப் போகிறது என்று குழந்தைவேலு கதவைப் பிடித்துக்கொண்டார்.

அவள் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டினாள். மறுபடி கிளட்ச். கியர் ஃபர்ஸ்டில் விழுந்தது.

ஒரு சத்தமும் இல்லை.

வண்டி மெதுவாக, மிக மெதுவாக, வளைவைத் தாண்டி மேலே போனது.

"இதை எப்போ மாட்டினீங்க?" என்றார் அவர்.

"எதை?"

"இந்தப் பலத்தை."

"வண்டி செஞ்ச அன்னிக்கே மாட்டினது."

அடுத்த வளைவில் அவரை ஓட்டச் சொன்னாள். கியர் கத்தியது. அதற்கடுத்த வளைவிலும் கத்தியது.

"நியூட்ரல்ல பயப்படறீங்க" என்றாள். "அவசரமா தாண்டப் பார்க்கறீங்க. அங்க கொஞ்சம் இருக்கணும்."

அதற்கடுத்த வளைவில் அவர் கொஞ்சம் இருந்தார். கியர் சத்தமில்லாமல் விழுந்தது. டீச்சர் அவருக்கு ஒரு கை கடலை கொடுத்தாள்.

அவர் அதைத் தின்னவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு வளைவு ஏறினார்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"அன்னிக்கு அவ பக்கத்துல உட்கார்ந்திருந்தா. அதே மூணாவது வளைவு. 'ஃபர்ஸ்ட் போடுங்க, அப்பா இங்க அப்படித்தான் போடுவாரு'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்கப்பன் வண்டிக்குத் தெம்பில்லடின்னேன்."

ரோட்டில் ஒரு குரங்கு குறுக்கே போனது. அவர் வண்டியை நிறுத்தி அதைப் போகவிட்டார்.

"பின்னாடி ஏற்காடு பஸ் ஹாரன் அடிச்சுட்டு நின்னுச்சு. அவ இறங்கி அதுல ஏறிட்டா. நான் வண்டியைத் திருப்பிக்கிட்டுக் கீழ போயிட்டேன்."

டீச்சர் மேலே வியூ பாயிண்டில் இறங்கிக்கொண்டாள்.

"கூட வாங்களேன்" என்றார் அவர். குரல் கெஞ்சியது.

"கூப்பிடப் போறது நானா?"

கீழே போகிற பஸ் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள்.

குழந்தைவேலு தனியாகப் போனார். ஏரியைத் தாண்டி, தோட்டங்களுக்குள் போகும் ரோட்டில் திரும்பினார். காபிச் செடிகளுக்கு நடுவே வளைவுகள் வந்தன. ஒன்றில் ஃபர்ஸ்ட் சுத்தமாக விழுந்தது. அடுத்ததிலும் விழுந்தது. இந்தச் சத்தம் இப்போது அவளுக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசி ஏற்றத்தின் உச்சியில் வீடு தெரிந்தது. கேட் திறந்திருந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு இந்திராணி நின்றாள். முன்நெற்றி முடி நன்றாக நரைத்திருந்தது.

கிளட்ச். நியூட்ரல். அவர் கண் ரோட்டில் இல்லை, அவள் மேல் இருந்தது. ஆக்சிலேட்டரைத் தட்ட வேண்டிய நேரத்தில் தட்டவில்லை.

மலையே திரும்பிப் பார்க்கும்படி கியர் கத்தியது. வண்டி நின்றுவிட்டது.

அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இந்திராணி இறங்கி வந்தாள். டிரைவர் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். கியர் கம்பியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"என்னாச்சு?"

"வண்டிக்கு…" என்று ஆரம்பித்தார். நாலு வருஷமாக நாக்கில் பழகிய வார்த்தை. அதை விழுங்கினார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு, இந்திரா. எனக்குத்தான் போடத் தெரியல."

அவள் கதவைத் திறந்தாள்.

"அந்தப் பக்கம் போய் உட்காருங்க" என்றாள்.