முதுகு காட்டாமல் மலை ஏறிய நாலு பேர்

கூகைமலை அடிவாரத்தில் மதகு ஒன்று. அதை நம்பி ஊர் இரண்டு. கிழக்கே நெடுங்குளம், மேற்கே வத்தலேரி. ஆடி முதல் தேதி, முறைக்கார ஊர் மலை உச்சியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டவேண்டும். பொழுது சாயும் நேரத்தில் அது மதகடியிலிருந்து மதகுக்காரர் கண்ணுக்குத் தெரிந்தால் முதல் தண்ணீர் அந்த ஊருக்கு. தெரியாவிட்டால் மற்ற ஊருக்கு. இந்த வழக்கத்தை வைத்தது யார் என்று கேட்டால், இந்த ஊர் அந்த ஊரைக் கைகாட்டும், அந்த ஊர் இந்த ஊரைக் கைகாட்டும்.

அந்த ஆண்டு முறை வத்தலேரிக்கு. மொக்கராசுவின் நாற்றங்கால் காய்ந்து மஞ்சளாகி நின்றது. இன்னும் மூன்று நாளில் தண்ணீர் பாயாவிட்டால் நாற்றைப் பிடுங்கி மாட்டுக்குப் போடவேண்டியதுதான். அதனால் அவரே கிளம்பினார். கூட அவருடைய தம்பி சங்கிலி, மனைவியின் தம்பி வெயிலான், வெயிலானின் சித்தப்பா ஒச்சப்பன். ஆள் நாலு, கட்டுச்சோறு நாலு, கம்பு ஒன்று, வேட்டி ஒன்று. கட்டியிருந்த வேட்டிகள் கணக்கில் இல்லை. அவை வெள்ளையாகவும் இல்லை.

மலையில் தேன் எடுக்கும் கொம்பையா விடியற்காலையில் அவர்களை அடிவாரத்தில் நிறுத்தி மூன்று விஷயம் சொன்னார்.

"எந்த மிருகத்துக்கும் முதுகைக் காட்டாதீங்க. கரடி திரியுற இடம், அதனால சத்தமாப் பேசிக்கிட்டே போங்க. ஆள் குரல் கேட்டா அது ஒதுங்கிரும். யானை நின்னா, அது போறவரைக்கும் நீங்க நகராதீங்க."

இருபது அடி போனதும் ஒச்சப்பன் நின்றுவிட்டார்.

"மாப்ள, மிருகம் எந்தப் பக்கம் இருக்கு?"

"தெரியலையே மாமா," என்றார் மொக்கராசு.

"அப்ப எந்தப் பக்கமும் முதுகைக் காட்டக் கூடாது."

எல்லோருக்கும் இது சரியாகப் பட்டது. நாலு பேரும் முதுகோடு முதுகை ஒட்டிக்கொண்டு வட்டமாக நின்று, அப்படியே மலை ஏறத் தொடங்கினார்கள். மொக்கராசு முன்னால் பார்த்து நடந்தார். ஒச்சப்பன் பின்னால் பார்த்து நடந்தார். மற்ற இருவரும் நண்டு மாதிரி நடந்தார்கள். முதல் நூறு அடிக்குள் பதினோரு தடவை விழுந்தார்கள்.

"மல்லாக்க விழுந்தா எறும்புக்கு முதுகைக் காட்டுனதா ஆகாதாண்ணே?" என்று சங்கிலி கவலைப்பட்டான்.

மொக்கராசு யோசித்தார். "எறும்பு மிருகத்துல சேராதுடா. விழு."

அடுத்தது பேச்சு. அரை மணி நேரத்தில் நாலு பேருக்கும் தெரிந்த சங்கதியெல்லாம் தீர்ந்துபோயிற்று. ஒச்சப்பன் தன் பல்வலியைப் பற்றி இரண்டாம் தடவையும் சொல்லி முடித்துவிட்டார்.

"மச்சான், எங்க அக்கா உங்களைத் திட்டுறது எனக்கு மனப்பாடமா இருக்கு. அதைச் சொல்லட்டா? ரொம்ப தூரம் வரும்," என்றான் வெயிலான்.

"சொல்லு. தண்ணிக்காகத்தானே," என்றார் மொக்கராசு.

வெயிலான் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் புதர் விலகி ஒரு கரடி வந்தது. வந்து பாதையோரம் உட்கார்ந்தது. நாலு பேரும் நின்றார்கள்.

"ஆள் குரல் கேட்டா ஒதுங்கிரும்னாரே," என்று சங்கிலி மெல்லக் கேட்டான்.

"ஒதுங்கித்தான் உக்காந்திருக்கு. பாதைக்கும் அதுக்கும் ரெண்டு முழம் இருக்கு பாரு," என்றார் ஒச்சப்பன். "நீ நிறுத்தாதடா வெயிலான்."

வெயிலான் நிறுத்தவில்லை. கல்யாணத்தில் ஆரம்பித்து, விற்ற மாடு, வாங்கிய மாடு, ஒழுகுகிற கூரை என்று வரிசையாக வந்தான். கரடி தலையைச் சாய்த்துக் கேட்டது. கடைசியில் நாற்றங்கால் விஷயம் வந்ததும் எழுந்து காட்டுக்குள் போய்விட்டது.

"பாத்தியா மாப்ள, அதுக்கே தாங்கலை," என்றார் ஒச்சப்பன்.



சோலையைத் தாண்டியதும் பாதையின் நடுவே கறுப்பாக, பெரிதாக ஒன்று நின்றது. யானை என்றார் மொக்கராசு. நகராமல் நின்றார்கள். அதுவும் நகரவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று.

சங்கிலி கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். "அண்ணே, அது பாறை மாதிரி இருக்கு."

"யானைன்னா பாறை மாதிரிதான் இருக்கும்."

"காதை ஆட்டலையே."

"காத்து இல்லை. எதுக்கு ஆட்டணும்?"

அப்போது அதன் பின்னாலிருந்து ஒரு கொம்பன் யானை வெளியே வந்தது. இவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடைப் பக்கம் இறங்கிப் போயிற்று.

"போயிருச்சு, வாங்க," என்றான் வெயிலான்.

"போனது சின்னது. பெருசு இன்னும் நிக்குது," என்றார் மொக்கராசு.

வெயில் ஏறிக்கொண்டே போனது. ஒச்சப்பன்தான் வழி கண்டுபிடித்தார். "என் பக்கம் யானை இல்லை. பசங்க பக்கமும் இல்லை. உன் ஒருத்தன் கண்ணுலதான் அது நிக்குது. கண்ணை மூடு மாப்ள."

மொக்கராசு கண்ணை மூடினார். "போயிருச்சா?"

"நான் தெக்கே பாக்குறேன் மச்சான், எனக்குத் தெரியாது," என்றான் வெயிலான்.

யானை நிற்கிறது என்று சொல்ல ஆளில்லாததால் நாலு பேரும் நடந்தார்கள். தாண்டும்போது சங்கிலியின் தோள் அதில் உரசியது. "யானை சில்லுன்னு இருக்கு," என்றான். யாரும் நிற்கவில்லை.

பகல் ஒரு மணிக்கு உச்சியை அடைந்தார்கள். கம்பை நட்டு வேட்டியைக் கட்டினார்கள். அது படபடவென்று பறந்தது. கீழே மதகு கடுகளவு தெரிந்தது.

"மதகுக்காரர் தெரியுறாரா?" என்று ஒச்சப்பன் கேட்டார்.

"தெரியலை."

"அம்புட்டுப் பெரிய ஆளு நமக்குத் தெரியலை. இந்த ஒத்தை வேட்டி அவருக்கு எப்படித் தெரியும்?"

மொக்கராசு கம்பைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். "ஒருத்தன் கீழ போய் நின்னு பாத்துட்டு வரட்டும்."

"ஒருத்தன் போனா மத்த மூணு பக்கத்தை யார் பாக்குறது?"

"அப்ப நாலு பேரும் போவோம்."

அதற்குள் ஏழு வரையாடுகள் பாறை மேலிருந்து இறங்கி வந்தன. அதில் மூத்த கடா வேட்டியின் கரையை வாயில் வைத்து மெல்லத் தொடங்கியது. இழுத்துப் பிடுங்கியதில் ஒரு சாண் குறைந்தது.

"இதை விட்டுட்டுப் போனா, பொழுது சாயுறப்ப வெறுங்கம்புதான் நிக்கும்," என்றான் சங்கிலி.

இது மறுக்க முடியாத பேச்சு. வேட்டியை அவிழ்த்து, எட்டாக மடித்து, மொக்கராசுவின் அக்குளில் பத்திரமாக வைத்துக்கொண்டு இறங்கினார்கள். வட்டமாக இருந்ததால் பாதி தூரம் உருளவும் முடிந்தது.

பொழுது சாய அரை மணி இருக்கும்போது மதகடியில் வந்து நின்றார்கள். மதகுக்காரர் வத்தலேரியில் பிறந்தவர். கண்ணுக்கு மேல் கையை வைத்து உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேட்டி தெரியுதாய்யா?" என்று மொக்கராசு மூச்சு வாங்கக் கேட்டார்.

"மத்தியானம் ஏதோ வெள்ளையாத் தெரிஞ்சுச்சு. இப்ப இல்லையேப்பா."

நாலு பேரும் முதல் தடவையாக ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். உச்சியில் ஒன்றுமில்லை.

"நல்லவேளை, இறங்கி வந்து பாத்தோம்," என்றார் மொக்கராசு. "மேலயே இருந்திருந்தா தெரியுதுன்னே நம்பிக்கிட்டு இருந்திருப்போம்."

மறுபடி ஏற நேரமில்லை. மொக்கராசு மதகுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். சங்கிலிதான் மெதுவாகச் சொன்னான். "அண்ணே, மேல இருக்குற வேட்டியைக் கீழ இருந்து பாக்குறதும், கீழ இருக்குற வேட்டியை மேல இருந்து பாக்குறதும் ஒரே தூரந்தானே?"

மதகுக்காரர் மலையை அடியிலிருந்து நுனிவரை கண்ணால் அளந்தார். பிறகு நுனியிலிருந்து அடிவரை அளந்தார்.

"ஒண்ணாத்தான் வருது," என்றார். துண்டை உதறித் தோளில் போட்டார். மதகுச் சாவியை இடுப்பில் செருகினார். "நான் பாக்குறவரைக்கும் இறக்கிராதீங்க," என்று சொல்லிவிட்டு மலையைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் காலையில் நெடுங்குளத்துக்காரர்கள் மண்வெட்டியும் கையுமாக வந்தார்கள். மதகு பூட்டியிருந்தது. அதன் முன்னால் நாலு பேர் ஒரு வேட்டியை முனைக்கு ஒருவராகப் பிடித்து, தலைக்கு மேல் விரித்து நின்றார்கள். என்னய்யா இது என்று அவர்கள் பக்கத்தில் வந்து கேட்டார்கள்.

"கொஞ்சம் தள்ளி நின்னு கேளுங்க," என்றார் மொக்கராசு. "மேல இருக்குறவருக்கு மறைக்குது."