சுண்ணாம்பு கூடிய வெற்றிலை

முன்னொரு காலத்திலே ஆற்றங்கரைச் சீமை ஒன்றை மாறவேள் என்ற ராசா ஆண்டுகொண்டிருந்தார். நல்லவர்தான், பொறுமை மட்டும் கிடையாது. விதைத்த அன்றே அறுக்கச் சொல்லுகிறவர். அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிற அடைப்பைக்காரர் பூவலிங்கம். பதினாறு வருஷத்தில் ஒரு நாள் சுண்ணாம்பு கூடியதில்லை, குறைந்ததில்லை.

தேரோட்டத்தன்று காலையில் கூடிவிட்டது. ராசா வந்து வடம் தொட்டால்தான் தேர் நகரும். வெளியே கொம்பும் தாரையும் முழங்குகின்றன. ராசா ஒரு காலைப் பல்லக்கில் வைத்துக்கொண்டு, ஆச்சா ஆச்சா என்று கையை நீட்டுகிறார். பூவலிங்கம் அவசர அவசரமாகத் தடவிக் கொடுத்தார். சுண்ணாம்போ அப்போதுதான் நீற்றியது. ராசாவின் நாக்கு வெந்து கொப்பளித்துவிட்டது.

வடம் தொட்டுத் திரும்பியதும் சபை கூடியது. புதுச் சுண்ணாம்பு, கொம்புச் சத்தம், ராசாவின் அவசரம் என்று பூவலிங்கம் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். வல்லபராயர் முடிக்க விடவில்லை. அவர் ராசாவுக்கு வேண்டியவர். மந்திரி குழைக்காதர்மேல் அவருக்குத் தீராத பொறாமை. பூவலிங்கத்தை அந்த வேலையில் வைத்தவர் மந்திரி.

"சாக்குச் சொல்கிறான், மகாராசா. அசட்டை இவன் பிறவிக்குணம். மந்திரியார் பொறுக்கி எடுத்த மணி வேறு எப்படி இருக்கும்?"

வெந்த நாக்கோடு ராசாவுக்குப் பேச வரவில்லை. எல்லை இருக்கும் திக்கைக் காட்டிக் கையை வீசினார். குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் காப்புக் கட்டிய ஊரில், தேர் நிலைக்கு வந்து சேரும்வரை யாரும் எல்லை தாண்டக் கூடாது. தேர் நிலைக்கு வர மறுநாள் ஆகும். அந்த ஒரு நாள்தான் பூவலிங்கத்துக்கு மிச்சம். அவர் மனைவி சிவனணைந்தாள் சட்டிபானைகளை மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

மறுநாள், பாதி வழியில் நின்ற தேரை நிலைக்கு இழுக்க ராசா மறுபடி வடம் தொடப் புறப்படும் நேரம். மந்திரி முன்னால் வந்து, தண்டனை சரிதான் என்றார். ஓரமாக நின்ற பூவலிங்கம் மந்திரியை ஏறிட்டுப் பார்த்தார். தன்னை வேலைக்கு வைத்தவரே கைவிட்டுவிட்டாரே.

"வெற்றிலைக்கு இன்றைக்கு ஆள் வேண்டுமே, மகாராசா. அசட்டையே தெரியாதவர் நம் ராயர்தான். வெந்த நாக்கு பாருங்கள், முதல் வெற்றிலையை மடித்தவரே போட்டுப் பார்க்கட்டும்."

ராயர் பெருமையோடு வெற்றிலைத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். மந்திரி கண்ணைக் காட்ட, கொம்புக்காரர்கள் சாளரத்தடியில் வந்து நின்று ஊதினார்கள். ராசா வழக்கம்போல ஆச்சா ஆச்சா என்று கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். ராயர் மடித்தார், தன் வாயில் போட்டார், நாலு மெல்லு மென்றார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

என்ன ஆயிற்று என்று மந்திரி பதமாகக் கேட்டார்.

"என்ன ஆகும்? சுண்ணாம்பு புதுசு. காதடைக்க ஊதுகிறான்கள். மகாராசா மூச்சுக்கு மூச்சு ஆச்சா என்கிறார். இந்த இரைச்சலில் எவன் கைதான் நிதானப்படும்?"

"நேற்று பூவலிங்கம் சொன்னதும் இதேதான். அவன் தவறினால் குணம் பிடித்துத் தள்ளுகிறது. ராயர் தவறினால் கொம்பும் சுண்ணாம்பும் தள்ளுகின்றன. இது என்ன அதிசயமோ, எனக்குப் புரியவில்லை, மகாராசா."

சபையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். ராசாவே சிரித்துவிட்டார், நாக்கு வலிக்க வலிக்க.

"நான் மட்டும் என்ன செய்வேன், மந்திரி? நாக்கு எரிந்தது, கோபம் வந்துவிட்டது, அதனால்..."

தானும் சாக்குச் சொல்வது தன் காதிலேயே விழ, ராசா பேச்சை அங்கேயே நிறுத்தினார். மந்திரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார் ராசா மெதுவாக. "நானும் ராயரும் ஒரே பல்லக்கில்தான் போகிறோம்."

தண்டனை நீங்கியது. ராசா தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையையே எடுத்து மந்திரிக்குப் போர்த்தினார். தேர் நிலைக்கு வரும்வரை ராயர் எச்சில் படிக்கத்தை ஏந்திக்கொண்டு பூவலிங்கத்துக்குப் பின்னாலேயே நடக்க வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. ராயரும் நடந்தார். ஊரும் பார்த்தது.

பூவலிங்கம் பொழுது சாய வீட்டுக்கு வந்தார். சாமி கண் திறந்துவிட்டார் என்று சொல்லி முடிப்பதற்குள், மூட்டைக்குப் பக்கத்தில் அவர் அம்மா கொடுத்த பெரிய பானை மூன்று துண்டாகக் கிடப்பதைப் பார்த்தார். எதை எடுத்தாலும் உனக்குக் கவனம் கிடையாது என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அதை விழுங்கிக்கொண்டு, மனைவிக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"என்னம்மா நடந்தது, சொல்லு."