வாலில்லாத ஃபைல்

குரு, சீடன் என்றதும் குருவுக்கு வெள்ளைத் தாடி வரைந்துவிடாதீர்கள். இந்தக் கதையில் தாடி சீடனுக்கு. குருவின் பெயர் ஜெபமலர், வயது முப்பத்தொன்று. தூத்துக்குடியில் ஒரு மாவு மில்லுக்கு மேலே மாடியறை, நாலு கம்ப்யூட்டர், கடகடவென்று சுற்றும் ஒரு ஃபேன். அதுதான் குருகுலம்.

சீடன் சுடலைமணிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நூற்பாலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, புரோகிராம் எழுதப் படிக்கப் போகிறேன் என்று கிளம்பின மனிதர். தெருவே சிரித்தது. "பேரன் எடுக்கிற வயசுல பள்ளிக்கூடமா அத்தான்?" என்று மைத்துனன் கேட்டான். மனிதர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிடித்தால் உடும்புப் பிடி.

ஜெபமலர் ஒரு லைப்ரரியைப் பராமரித்து வந்தாள். புத்தகம் இருக்கிற லைப்ரரி இல்லை. புரோகிராம் எழுதுகிற யாரும் இலவசமாக எடுத்துத் தங்கள் வேலையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிற ஆயத்த நிரல்களின் தொகுப்பு. முகம் தெரியாத ஆட்கள், எந்தெந்த ஊரிலோ இருந்து, அதை நம்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் அவள் சொன்னாள். "அண்ணாச்சி, உங்களுக்கு ஒரு வேலை. ஒரு ஃபைலோட பேரைக் கொடுப்பாங்க. அது படமா, பாட்டா, டெக்ஸ்ட்டான்னு உங்க நிரல் சொல்லணும்."

"திறந்து பாத்தாச் சொல்லிரலாமே டீச்சர்?"

"திறக்கக் கூடாது. சில நேரம் ஃபைல் வந்தே சேர்ந்திருக்காது. பேரு மட்டும்தான் முன்னால வரும்."

"அப்ப வாலைப் பாத்துத்தான் சொல்லணும்."

பேருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து மூன்று நாலு எழுத்து ஒட்டியிருக்குமே, அதைத்தான் வால் என்றார். ஜேபெக் என்று முடிந்தால் படம். எம்பி த்ரீ என்று முடிந்தால் பாட்டு.

"வாலே இல்லேன்னா?"

"அதை நீங்கதான் முடிவு பண்ணணும்."

"செஞ்சு முடிச்சா லைப்ரரில சேத்துக்கிடுவீங்களா?"

"சரியா இருந்தா, இந்தத் தடவை வெளியிடும்போதே."

அவ்வளவுதான். மனிதருக்கு அதற்கப்புறம் சோறு தண்ணி மறந்துபோயிற்று. தன் கையால் எழுதிய ஒன்று உலகத்துக்குப் போக வேண்டும், அதுவும் இந்தத் தடவையே போக வேண்டும். மைத்துனன் வாயை அடைக்க வேறு வழி கிடையாது.

உலகத்தில் உள்ள வால்களை எல்லாம் தேடிச் சேர்த்தார். கேள்விப்படாத வால், வழக்கொழிந்த வால், ஒன்றையும் விடவில்லை.

நடுவில் ஒருநாள் குருவும் சீடனும் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு டெம்போக்காரர் வண்டியை நிறுத்தி, "அண்ணாச்சி, ஐஸ் ஃபேக்டரிக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டார்.

"நேராப் போயி, சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்றார் சுடலைமணி. வண்டி போயிற்று.

"அங்க ஐஸ் ஃபேக்டரி இருக்கா?" என்று கேட்டாள் ஜெபமலர்.

"யாருக்குத் தெரியும்? கேட்ட மனுசனை வெறுங்கையோட அனுப்பலாமா டீச்சர்?"

நம் ஊர்ப் பழக்கம் அப்படி. வழி கேட்டால் தெரியாது என்று சொன்னவன் எவன் இருக்கிறான்? டீ ஆறுவதற்குள் அதே டெம்போ அதே பக்கமாகத் திரும்பி வந்தது. டெம்போக்காரர் சுடலைமணியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். ஜெபமலர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

நிரல் முடிந்தது. சுடலைமணி தாடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு நின்றார்.

"எந்தப் பேரை வேணும்னாலும் கேளுங்க டீச்சர். பதில் இல்லேங்கிற பேச்சே கிடையாது."

அவள் நாலைந்து பேரைக் கொடுத்தாள். எல்லாம் சரியாக வந்தது. கடைசியாக, வால் இல்லாமல், 'புதுசு' என்று மட்டும் தட்டினாள்.

டெக்ஸ்ட் என்று பதில் வந்தது.

"எப்படி?"

"வால் தெரியலேன்னா டெக்ஸ்ட்டுன்னு வெச்சிட்டேன். பாதிக்கு மேல அது சரியாத்தான் இருக்கும்."

"நம்ம லைப்ரரியை எடுக்கிறவங்க இந்தப் பதிலை வெச்சு என்ன செய்வாங்க தெரியுமா?"

"என்ன செய்வாங்க?"

அவள் ஒரு சின்ன புரோகிராமைக் காட்டினாள். இந்த வசதி வரும் என்று நம்பி ஒரு கம்பெனி முன்கூட்டியே எழுதி வைத்திருந்தது. டெக்ஸ்ட் என்று லைப்ரரி சொல்கிற ஃபைலை எல்லாம் திறந்து, வரிகளைச் சீராக்கி, வேண்டாத இடைவெளிகளை வெட்டி, பழையதன் மேலேயே எழுதிவிடும். டெக்ஸ்ட்டாக இருந்தால் நல்ல வேலைதான். பாட்டோ படமோ அதில் மாட்டினால் பிறகு ஒரு காலமும் திறக்காது.

"உங்ககிட்ட வாலில்லாத ஃபைல் ஏதாவது இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டாள் ஜெபமலர்.

சுடலைமணி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பிறகு, "ஒண்ணே ஒண்ணு இருக்கு" என்றார்.

அவர் மனைவி இசக்கியம்மாளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு வராது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அன்று காலையில் அவள் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வரும்போது அதில் அவள் குரல் இருந்தது. புருஷன் பேரை வாயால் சொல்லாதவள் கையால் மட்டும் எழுதிவிடுவாளா? போன் தானாக வைத்த பேரை வால் உட்பட அழித்துவிட்டு, 'அவுகளுக்கு' என்று வைத்திருந்தாள். அவள் குரல் இந்தப் பூமியில் இருப்பது அந்த ஒரு இடத்தில்தான்.

"அதை இதுல போட்டு ஓட்டுங்க" என்றாள் ஜெபமலர்.

சுடலைமணி போனைக் கம்ப்யூட்டரில் மாட்டினார். புரோகிராமுக்கு அந்த ஃபைலைக் காட்டினார். ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. கை எழும்பவில்லை.

"ஒரு நகல் எடுத்துக்கிடுதேன் டீச்சர்."

"ஏன்?"

"இதை விட்டா எனக்கு வேற இல்ல."

"நம்ம லைப்ரரியை எடுக்கிறவங்க எல்லாரும் நகல் வெச்சிருப்பாங்களா?"

மனிதருக்கு முகம் சிவந்தது. கோபம்தான், பொய் சொல்லுவானேன். 'சின்னப் பொண்ணு, என் ஈரக்குலையில கை வைக்கிறாளே' என்று இருந்தது. போனைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில், கீழே மில் ஓட ஆரம்பிக்கும் முன்பே சுடலைமணி வந்து நின்றார். பக்கத்தில் இசக்கியம்மாள், கழுத்தைச் சுற்றிச் சேலைத் தலைப்போடு.

"மாத்தி எழுதிட்டேன் டீச்சர்" என்றார். "வால் தெரிஞ்சா இனத்தைச் சொல்லும். தெரியலேன்னா தெரியாதுன்னு சொல்லும். ஆனா ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"தெரியாதுன்னு சொல்லவா ஒரு லைப்ரரின்னு நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

"உங்களைப் பாத்துத் தெருவே சிரிச்சுதே, நின்னுட்டீங்களா?"

சுடலைமணி போனை மாட்டினார். பழைய புரோகிராமேதான், வரிகளை வெட்டி மேலேயே எழுதுகிற அதே புரோகிராம். அதற்குள் இப்போது அவருடைய புது நிரல் இருந்தது. பொத்தானுக்கு மேலே விரலை வைத்துவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"உன் குரல்மா. நீ சரின்னு சொன்னாத்தான்."

இசக்கியம்மாள் புருஷன் மண்டையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். 'எழுதினது நீங்கதான, அப்புறம் என்ன பயம்?' என்று கையாலேயே கேட்டாள். அவர் இன்னும் தயங்கவே, அவர் விரலைத் தள்ளிவிட்டுத் தானே அழுத்தினாள்.

திரையில் ஒரு வரி வந்தது. 'அவுகளுக்கு: இனம் தெரியாது. தொடவில்லை.'

"கேட்டுப் பாருங்க" என்றாள் ஜெபமலர்.

சுடலைமணி ஃபைலைத் திறந்தார். முதலில் அடுப்படிச் சத்தம், பாத்திரம் ஒன்று உருளும் சத்தம். பிறகு நல்ல கணீரென்ற குரல்.

"இந்தாங்க, நாந்தான். டீயில சீனியை அள்ளிப் போடாதீய. யாரு கேக்கப் போறான்னு நெனைக்காதீய, நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்."

மனிதர் அழுதுவிட்டார். பேசினவள் பக்கத்தில் நின்றுகொண்டு, 'இப்பவும் அள்ளித்தான் போடுதாக' என்று ஜெபமலரிடம் சைகை காட்டி, சத்தமில்லாமல் சிரித்தாள்.

கீழே மில் ஓட ஆரம்பித்தது. மாடித் தரை லேசாக அதிர்ந்தது.

ஜெபமலர் நிரலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தாள். சுடலைமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பரீட்சைப் பேப்பர் வாங்க நிற்கிற பையன் மாதிரி நின்றார்.

"என்ன டீச்சர், தேறுமா?"

அவள் தலையை நிமிர்த்தினாள்.

"நகல் எடுத்து வெச்சிக்கிட்டுத்தான வந்தீங்க?"

"எடுக்கல டீச்சர்."

"அப்ப இன்னைக்கே வெளியிட்டுரலாம்."