காலையிலேயே அமுக்கிய பிரேக்

ஆலங்கிணற்றில் மூன்று பேர் கூட்டாகச் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். கத்திரிக்காயைக்கூடப் புரட்டிப் பார்த்து, காம்பைக் கிள்ளிப் பார்த்து வாங்குகிற ஊர் அது. ஆனால் கடைக்காரன், "பெட்டி கெடக்கட்டும் அண்ணாச்சி, மானிட்டர் எத்தனை வேணும்?" என்று கேட்டதும் மூவருக்கும் புத்தி கிறங்கிவிட்டது. ஆளுக்கு ஒன்றாக மூன்று மானிட்டர் வாங்கினார்கள். கம்ப்யூட்டர் பெட்டியை அவன் கொசுறாகப் போட்டான். கொசுறு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது அதுவும்.

அந்தப் பெட்டியில் பெரிய விளையாட்டு எதுவும் ஓடாது. அதனால் கிளவுட் கேமிங்கில் இறங்கினார்கள். விளையாட்டு எங்கோ ஒரு ஊரில் பெரிய கம்ப்யூட்டரில் ஓடும். இங்கே பட்டனை அமுக்கினால் நெட் வழியாக அங்கே போகும், அங்கிருந்து படம் இங்கே வரும். போய்வர நேரமாகும் இல்லையா? அதுதான் வம்பு. பிரேக்கை அமுக்கி முக்கால் செகண்ட் கழித்துத்தான் கார் கேட்கும். அதற்குள் கார் பள்ளத்தில் கிடக்கும்.

அதோடு சும்மா கிடந்திருக்கலாம். மூவரில் மூத்தவர் இசக்கியப்பன், முகத்தில் பாதி மீசை. அவர் பக்கத்து ஊர் ஜெபசிங்கோடு பந்தயம் கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கார் ரேஸ். தோற்றவன் வீடியோ காலில் எல்லாரும் பார்க்க மீசையை எடுக்க வேண்டும். ஜெபசிங்குக்கு மீசையே கிடையாது என்பதை, பந்தயம் கட்டி மூன்று நாள் கழித்துத்தான் இசக்கியப்பன் கவனித்தார்.

சனிக்கிழமை மத்தியானம் கிளவுட் கேமிங் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். எடுத்த பெண் பொறுமையாகச் சொன்னாள்: "மூணு மானிட்டர் வேண்டாம் சார், ஒண்ணு போதும். வைஃபையை விட்டுட்டு வயர் போடுங்க. இப்போ தாமதம் எவ்வளவு காட்டுது?"

"எழுநூறு மில்லிசெகண்ட்."

"அதை நாற்பதுக்குக் கொறைக்கணும் சார்."

இசக்கியப்பனுக்குச் சந்தை ரத்தம் சூடேறிவிட்டது. "கொறைக்கணும்னு நீயே சொல்லுதே. கொறைச்சுக் குடும்மா."

"நான் கொறைக்க முடியாது சார்."

"மொதல்ல எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாக. சரி, நாற்பது வேண்டாம், அம்பதுன்னு வச்சுக்கோ. ஒனக்கும் கட்டுபடியாகணும்லா."

"சார், நான் சொல்றது..."

கூட்டாளி வைகுண்டம் அவர் காதைக் கடித்தான். "எந்திரிச்சுப் போற மாதிரி போம் அண்ணாச்சி. பின்னாலயே கூப்பிடுவா."

இசக்கியப்பன் போனை மேசையில் வைத்துவிட்டு வாசல் வரைக்கும் விறைப்பாக நடந்தார். யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்து பார்த்தால் போன் கட்டாகிக் கிடந்தது.

"படிஞ்சிட்டா" என்றார். "மறுபேச்சு பேசலை பாத்தியா?"

அடுத்து மானிட்டர். ஒன்று போதுமென்றால், யாருடையதைக் கழற்றுவது? "என்னுதைத் தொட்டா கூட்டு முறிஞ்சிரும்" என்றான் மூன்றாவது கூட்டாளி கோயில்பிச்சை. வைகுண்டமும் அதையே சொன்னான். ஒரு மணி நேரம் வழக்கு நடந்தது. கடைசியில், மூன்றும் மாட்டியபடியே இருக்கட்டும், இரண்டை மட்டும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்போம், பார்க்க ஆளில்லாவிட்டால் படம் தானாக வராது என்று தீர்ப்பானது.

அப்புறம் வயர். நூறு மீட்டர்ச் சுருள் வாங்கி வந்தார்கள். நெட் பெட்டி இருந்ததோ நாலு அடி தூரத்தில்.

"வெட்டிக்கிடலாமா?" என்றான் வைகுண்டம்.

"முழுசா வாங்கினதை வெட்டுவியால? சுருளாவும் விடக்கூடாது. வளைவுல பஸ்ஸே மெதுவாத்தான் போவுது." இது கோயில்பிச்சை.

ஆகவே வயரை வாசல் வழியாக வெளியே இழுத்து, தெருவில் நேராகக் கொண்டுபோய், குளத்தங்கரையில் ஒரு கல்லைச் சுற்றித் திருப்பி, மறுபடி நேராக வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினார்கள். அதன்மேல் ஆடு நடந்தது, மாடு நடந்தது, ஆட்டோ ஏறியது.

ஞாயிறு காலையில் பார்த்தால் தாமதம் தொள்ளாயிரம் காட்டியது.

"பேசினதுக்கு மேல போட்டுட்டாளே!" என்று இசக்கியப்பன் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாட்டன் காலத்திலிருந்து அந்த வீட்டில் மீசை இல்லாத ஆம்பளை கிடையாது.

வைகுண்டம் யோசித்துச் சொன்னான். "அமுக்குனது லேட்டாத்தான போவுது? நாம முந்தியே அமுக்கிட்டா என்ன?"

"எவ்வளவு முந்தி?"

"ஒரு செகண்ட் போதும் அண்ணாச்சி."

கோயில்பிச்சை சீறினான். "ரயிலுக்குப் போறவன் ஒரு செகண்ட் முந்தியா போவான்?"

ரயில் கணக்கே சரி என்று முடிவானது. அதனால் காலை பத்து மணிக்கே இசக்கியப்பன் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தார். விளையாட்டைத் திறக்கவில்லை, அதுதான் நாலு மணிக்காயிற்றே. பாதையை மனப்பாடமாக வைத்திருந்த வைகுண்டம், "இடது... நேரா... பிரேக்கு... வலது" என்று வாசிக்க, இவர் வேர்க்க விறுவிறுக்க அமுக்கித் தீர்த்தார். மூன்று சுற்றும் முடித்தார். கடைசியில் ஹாரனும் அடித்தார். பிறகு குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டார்.

நாலு மணிக்கு ரேஸ் தொடங்கியது. இசக்கியப்பன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய கார் கோட்டிலேயே நின்றது.

போனில் ஜெபசிங் கேட்டான்: "அண்ணாச்சி, வண்டி ஏன் நிக்கி?"

"நீ ஓட்டுல. நம்ம ஓட்டம் பத்து மணிக்கே கெளம்பிட்டு. வழியில வந்துக்கிட்டு இருக்கு."

ஜெபசிங் ஒரு சுற்று முடித்தான். இரண்டாவதும் முடித்தான். வைகுண்டத்துக்குப் பொறுக்கவில்லை. "ஒரு தட்டுத் தட்டிப் பாரும் அண்ணாச்சி."

"கோட்டிக்காரா! இப்ப ஒண்ணு அனுப்புனா, காலையில அனுப்புனதோட நடுவழியில மோதிக்கிடும்."

மோதவில்லை. வரவுமில்லை. தோற்றார்.

சொன்ன சொல் சொல்தான். கம்ப்யூட்டர் கேமரா முன்னால் நின்று சவரக் கத்தியைத் தூக்கினார். பாட்டனை நினைத்துக் கண்ணை மூடி, இரண்டே இழுப்பில் எடுத்தார். மூக்குக்குக் கீழே உரித்த வெங்காயம் போல ஆகிவிட்டது. போனில் ஜெபசிங் கத்தினான்.

"என்ன அண்ணாச்சி, கத்தியைத் தூக்கிட்டு அப்படியே நிக்கீரு? எடும்வே!"

"எடுத்தாச்சுல."

"எங்க எடுத்தீரு? இங்க மீசை கும்முனு இருக்கு. நான்தான் பாக்கேனே!"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் புரிந்தது வைகுண்டத்துக்குத்தான்.

"அண்ணாச்சி! செரைச்சது இன்னும் அங்க போய்ச் சேரலை. மீசை அவன்கிட்ட பத்திரமா இருக்கு! அது போறதுக்குள்ள நாம போய்க் கையோட கொண்டாந்துருவோம்!"

இசக்கியப்பன் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு பைக்கை உதைத்தார். வைகுண்டம் பின்னால் ஒரு டிபன் டப்பாவோடு ஏறினான். கோயில்பிச்சை மட்டும் குளத்தங்கரைக்கு ஓடி, வயர்மேல் இரண்டு காலையும் ஊன்றி ஏறி நின்றுகொண்டான்.

மாடு பத்திக்கொண்டு வந்தவர், "வழி விடும்வே" என்றார்.

"மாட்டைச் சுத்திப் பத்தும்" என்றான் கோயில்பிச்சை, பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் காலை எடுத்தா அண்ணாச்சிக்கு மீசை போயிரும்."