புதுப் பெட்டிக்கு ஒரு பொட்டு

ஒர்க்‌ஷாப் முதலாளி பரமேசுவரன் எந்தக் காருக்கும் குனிந்ததில்லை; விரலை நீட்டுவார், அவ்வளவுதான்.

டாக்டரம்மாவின் கார் கியர் விழாமல் திணறியது. கியரை மாற்றும் கம்ப்யூட்டர் பெட்டியையே புதுசாகப் போட்டுவிட்டதாகச் சொல்லிக் காரைத் திருப்பிக் கொடுத்தார். கார் மறுபடியும் திணறியது.

“பெட்டி புத்தம் புதுசுங்கம்மா. கோளாறு உங்க டிரைவர்கிட்ட. முதல்ல ஆளை மாத்துங்க,” என்றார்.

டிரைவர் செங்கோடன் கையைக் கட்டிக்கொண்டான். “சரிங்க முதலாளி. போறதுக்கு முன்னாடி அந்தப் புதுப் பெட்டிக்கு ஒரு பொட்டு வெச்சுட்டுப் போறேன். எதுன்னு காட்டுங்க.”

முதலாளி பானெட்டைத் திறக்கச் சொல்லி, குனியாமலே விரலை நீட்டினார். போன ஆயுத பூஜைக்குச் செங்கோடன் வைத்த சந்தனமும் குங்குமமும் அந்தப் பெட்டியில் அப்படியே காய்ந்திருந்தன. டாக்டரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

“எனக்கு வேலை மிச்சமுங்கம்மா,” என்றான் செங்கோடன். “கம்பெனியிலேயே ஆயுத பூஜை கொண்டாடித்தான் அனுப்பியிருக்காங்க.”